ஆளுக்கொரு பெட்டி

பெரியவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பேசுவது நிற்கவில்லை. அதற்குக் காரணம் நெல்லையப்பன்.

நெல்லையப்பன் ரேடியோ நிலையத்தில் ஒலிப்பதிவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியவர் உயிரோடு இருந்தபோது அவர் உட்காருகிற பலகைக்கு முன்னால் இரண்டு மைக் வைத்து, பேச்சு முழுவதையும் டேப்பில் பிடித்து வைத்திருந்தார். ஒரு மைக் போதாதா என்று கேட்டவர்களிடம், "மனுசனுக்குக் காது எத்தனைவே?" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது. அவ்வளவு தோரணை.

ஞாயிறுதோறும் பெரியவர் பேச்சைக் கேட்க ஊர் கூடுகிற கூடம் ஆற்றங்கரையில் இருந்தது. நீளமான ஓட்டுக் கட்டடம். ஆற்றுப் பக்கம் ஆண்கள் உட்காருவார்கள், தெருப் பக்கம் பெண்கள். காற்று வருகிற பக்கத்தை ஆண்கள் எடுத்துக்கொண்டதில் பெண்களுக்கு ஆரம்பத்திலிருந்தே வருத்தம் உண்டு. நடுவில், வாசலிலிருந்து பலகை வரைக்கும், ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி. அதில் யாரும் உட்காருவதில்லை. பெரியவர் பலகையில் உட்கார்ந்துதான் பேசுவார். இப்போது பலகை காலி. அதன் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள், ஸ்பீக்கர் வைத்தவை. நெல்லையப்பன் தச்சரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் செய்தவை.

பெரியவருக்குப் பிறகு கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் செண்பகவல்லி. நாற்பது வயதுதான். பெட்டிக்குள்ளிருந்து பெரியவர் பேசி முடித்ததும், கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்வது இவர். பலகையில் உட்காரமாட்டார். அடுக்களைக் கதவை ஒட்டித் தரையில் உட்காருவார். பால் பொங்கினால் எழுந்து ஓட வசதி என்பார்.

நெல்லையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் செண்பகவல்லியை "அம்மா" என்பார். செண்பகவல்லி அவரை "அண்ணாச்சி" என்பார். யார் குரு, யார் சிஷ்யர் என்று வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் வரும். கூடத்துக்காரர்களுக்கு வராது.

அவர்களுக்குக் குழப்பம் வேறு இடத்தில் வந்தது.

ஒரு ஞாயிறு, பேச்சு முடிந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது தீத்தாரப்பன் சொன்னார்.

"கவனிச்சீயளா? பெரியவர் குரல் நம்ம பக்கம்தான் வருது. ஆம்பளையளப் பாத்துத்தான் பேசுதாரு."

எதிர்வரிசையில் கோமதி நிமிர்ந்து பார்த்தார். கோமதி வேறு யாருமில்லை, தீத்தாரப்பனின் மனைவிதான்.

"காதுல பஞ்சு வச்சிருக்கீயளோ? எங்களப் பாத்துல்லா பேசுதாரு. உங்க பக்கம் குறட்டைச் சத்தம்தான் வருது."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் அது நம் ஊரா?

அடுத்த வாரம் ஆண்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். உண்மைதான். குரல் ஆற்றுப் பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்தது. பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அதுவும் உண்மைதான். தெருப் பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தது.

பேச்சு முற்றியது. பெரியவர் பார்க்கிற பக்கத்துக்குத்தான் பலகை சொந்தம் என்றார் தீத்தாரப்பன். அப்படியானால் பலகை எங்கள் பக்கம், உட்காரப்போவது எங்கள் செண்பகம் என்றார் கோமதி. செண்பகம் அப்போது பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சீக்கிரமே தீத்தாரப்பன் ஒரு கல்யாண மண்டபத்து மாடியைப் பேசி முடித்துவிட்டு வந்து நின்றார்.

"இந்த மாசக் கடைசி ஞாயிறு முடிஞ்சதும் நாங்க தனியாக் கூடிக்கிடுதோம்."

"மகராசனாப் போங்க" என்றார் கோமதி.

"பெட்டி ரெண்டு இருக்கு. ஆளுக்கொண்ணு."

"எங்க பக்கத்துப் பெட்டி எங்களுக்கு. அதுல கை வைக்கப்படாது."

ஒரே ஸ்கூட்டரில் வந்தவர்கள் அன்றைக்குத் தனித்தனியாக வீட்டுக்குப் போனார்கள். வாசலோரம் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நெல்லையப்பன் மெஷினை அணைத்தார். நேரே அடுக்களைக்குப் போனார்.

"அம்மா, பெட்டியப் பிரிக்கப் போறாங்களாம்."

"கேட்டேன்." செண்பகவல்லி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அது ஜோடிம்மா. ஒண்ணுல பாதிதான் இருக்கு. பிரிச்சா பெரியவர இடுப்போட ரெண்டா வெட்டுன மாதிரி."

"குரல் எங்கனயிருந்து வரணும் அண்ணாச்சி?"

"பலகையிலயிருந்து. ரெண்டு பெட்டியும் ஒரே நேரத்துல ஒரே அளவாப் பேசுனா, காது ரெண்டையும் சேத்து நடுவுல ஒரு ஆள உக்கார வச்சிரும். அதுக்குத்தானே ரெண்டு மைக் வச்சேன்."

"இப்ப அப்படி வரலியே?"

"பெட்டி நிக்கிற இடம் சரியில்ல. தரை கழுவுதோம்னு மூலைக்குத் தள்ளிட்டாங்க. நான் சரியா வச்சுக் காட்டுதேன். அடுத்த ஞாயிறு ஒருத்தர் வாயைத் திறக்கமாட்டாங்க."

"வைங்க. உங்களால முடியும்."

நெல்லையப்பன் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மூலையில் நின்றதால் பெட்டிகள் குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கின. சுவரிலிருந்து நன்றாக முன்னால் இழுத்தார். முழக்கம் குறைந்தது. வெறும் சுவரில் குரல் மோதித் திரும்பியது. அங்கே பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார். பெட்டியில் குரல் வருகிற வாய் தரையில் உட்கார்ந்தவரின் காதுக்கு நேராக வருகிற மாதிரி அடியில் இருந்த கட்டையை எடுத்துவிட்டார். பலகைக்கு இந்தப் பெட்டி எவ்வளவு தூரமோ அந்தப் பெட்டியும் அவ்வளவு தூரம். கயிறு பிடித்துப் பார்த்தார். இரண்டையும் கொஞ்சமாக உள்பக்கம் திருப்பி, நடுவழியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டேப்பை ஓடவிட்டார்.

"நெல்லையப்பா, ஓடுதா?"

பெரியவர் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார். மெஷின் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லையப்பன் அந்த வரியைத் தாண்டித்தான் டேப்பைப் போடுவார். ஊருக்குப் பேசினது ஊருக்கு. இந்த ஒரு வரி தனக்கு.

இப்போது அது பலகையிலிருந்து வந்தது. பெட்டியிலிருந்து இல்லை, பலகையிலிருந்து. பெரியவர் தொண்டையைச் செருமினார். செம்பை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார், அது இறங்குவது கேட்டது. காலை மாற்றிப் போட்டபோது பலகை கிறீச்சிட்டது. எல்லாம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

"ஓடுது சாமி" என்றார் நெல்லையப்பன். சொல்லிவிட்டு அழுதார். அறுபது வயதுக்கு மேல் இப்படி அழுவதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்க ஆள் யாரும் இல்லை.

வேலை திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்தார். புதன்கிழமையும் வந்தார். கேட்டவர்களிடம், நுணுக்கமாகச் சில வேலை பாக்கி இருக்கிறது என்றார். நடுவழியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அந்த நுணுக்கமான வேலை.

ஒருநாள் மதியம் செண்பகவல்லி சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வழிய விடுங்க அண்ணாச்சி, சுடுது."

நெல்லையப்பன் எழுந்து ஒதுங்கினார். செண்பகவல்லி போனதும் மறுபடியும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிறு வந்தது. நெல்லையப்பன் வெளுத்த சட்டை போட்டிருந்தார். வாசலோரம், வழியின் கடைசியில், மெஷின் பக்கத்தில் நின்று டேப்பைப் போட்டார். அவருக்குக் குரல் பலகையிலிருந்து தெளிவாக வந்தது. பேச்சு முடிந்ததும் முன்னால் வந்தார்.

"இப்பச் சொல்லுங்க. எங்கனயிருந்து வந்துச்சு?"

"எங்க பக்கம்" என்றார்கள் ஆண்கள்.

"எங்க பக்கம்" என்றார்கள் பெண்கள்.

"முந்தியவிட இப்பத் தெளிவா எங்க பக்கம் வருது அண்ணாச்சி. நல்லா வச்சிருக்கீய" என்று தீத்தாரப்பன் பாராட்டு வேறு சொன்னார்.

நெல்லையப்பனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உங்களுக்கெல்லாம் காதா, அப்பளமா?" என்று கத்தினார். யாரும் பயப்படவில்லை. சுண்டலுக்குப் போய்விட்டார்கள்.

கூடம் காலியானதும் செண்பகவல்லி வந்தார்.

"டேப்பப் போட்டுட்டு இங்க வந்து உக்காருங்க அண்ணாச்சி." ஆண்கள் பக்கத்தில் நடு இடத்தைக் காட்டினார்.

நெல்லையப்பன் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் முகம் மாறியது.

"எங்கனயிருந்து வருது?"

"ஆத்துப் பக்கத்துப் பெட்டி."

"அங்கன போய் உக்காருங்க."

பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"தெருப் பக்கத்துப் பெட்டிம்மா. கிட்டத்துல இருக்க பெட்டி முந்திக்கிடுது. எது முதல்ல வந்து சொல்லுதோ அதையே காது நம்பிருது."

"பாவம், காது."

"நடுவுல உக்காந்தாத்தான் சரியாக் கேக்கும்."

"நடுவுல ஒரு ஆள் அகலம்தானே இருக்கு அண்ணாச்சி?"

வாரம் முழுக்கத் தான் உட்கார்ந்து பார்த்த இடம், கூடத்தில் ஒருத்தரும் உட்காராத இடம் என்று நெல்லையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவர் சோர்ந்துபோகிற ஆள் இல்லை. ரேடியோ நிலையத்தில் மழை வெள்ளத்திலும் நிகழ்ச்சியை நிறுத்தாதவர்.

"இதுக்கும் வழி இருக்கும்மா" என்றார்.

அந்த வழியை அடுத்த ஞாயிறு கொண்டுவந்தார். ஒரே ஒரு பெட்டியைத் தூக்கிப் பலகைமேல் வைத்து, இன்னொன்றைச் சாக்குப் போட்டு மூடிவிட்டார். இரண்டு பெட்டி இருந்தால்தானே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்கிற பேச்சு.

குரல் பலகையிலிருந்து வந்தது, எல்லோருக்கும். ஆனால் பாதிக் குரல். செருமல் இல்லை, தண்ணீர் இறங்குவது இல்லை. யாரோ பெரியவர் மாதிரி பேசுகிறார் என்று சொல்லலாம். நெல்லையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். போகட்டும், சண்டை தீர்ந்தால் சரி.

பேச்சு முடிந்ததும் தீத்தாரப்பன் எழுந்துபோய்ப் பெட்டிக்கு ஒரு மாலை போட்டார். ஒருவர் திருநீறு பூசினார். ஒருவர் கற்பூரத்துக்குத் தீப்பெட்டி தேடினார்.

"முதல் மாலை போட உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?" என்று கோமதி எழுந்தார்.

"உரிமை என்ன உரிமை? பலகை எங்களுக்குள்ளதுதானே?"

செண்பகவல்லி அடுக்களை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பெட்டிய இறக்குங்க. இன்னும் ஒரு வாரம் விட்டா இதுக்குக் குடமுழுக்குத் தேதி குறிச்சிருவாங்க."

நெல்லையப்பன் மாலையோடு பெட்டியை இறக்கினார்.

"அம்மா, இன்னும் ஒரு ஞாயிறுதான் இருக்கு. எங்க வச்சாலும் சண்டையா இருக்கு. எனக்குத் தெரிஞ்சது எல்லாம் தீந்துபோச்சு. நீங்களே சொல்லுங்க, பெட்டிய எப்படி வைக்க?"

செண்பகவல்லி கூடத்துக்குள் வந்து, சத்தம் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"தீத்தாரப்ப அண்ணாச்சி, கோமதி மதினி, ரெண்டு பேரும் முன்னால வாங்க. உங்க நியாயத்தச் சொல்லுங்க. எல்லாரும் கேப்போம்."

தீத்தாரப்பன் ஆற்றுப் பக்கத்துப் பெட்டி நிற்கும் இடத்தில் போய் நின்றார். கோமதி தெருப் பக்கத்தில் நின்றார். தீத்தாரப்பன் ஆண்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கோமதி பெண்களைப் பார்த்து. இரண்டு பேரும் ஒரே நேரத்தில். ஆண்கள் அவருக்குத் தலையாட்டினார்கள், பெண்கள் இவருக்கு.

"நில்லுங்க, நில்லுங்க" என்றார் செண்பகவல்லி. "அண்ணாச்சி, உங்க ஆளுங்களுக்கு உங்க நியாயம் ஏற்கெனவே தெரியும். அவங்ககிட்ட என்னத்துக்குத் தொண்டையக் கிழிக்கீய? அங்கன பொம்பளையளப் பாத்துச் சொல்லுங்க. மதினி, நீங்க இங்கன ஆம்பளையளப் பாத்துச் சொல்லுங்க."

நின்ற இடத்திலேயே இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நெல்லையப்பனைச் செண்பகவல்லி ஆண்கள் நடுவில் ஓர் இடத்தில் உட்காரச் சொன்னார்.

"ம், சொல்லுங்க. ரெண்டு பேரும் சேந்தே சொல்லுங்க."

"பெரியவர் எங்க பக்கம்தான் பேசுதாரு!" என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் கத்தினார்கள். முப்பது வருஷம் சேர்ந்து குடும்பம் நடத்தியவர்கள். வார்த்தைகூட மாறவில்லை.

நெல்லையப்பன் தலையைச் சாய்த்தார். பக்கத்தில் நின்ற தீத்தாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் அவர் சத்தம் மட்டாக வந்தது. தூரத்தில் நின்ற கோமதி நேரே பார்த்துக் கத்தியதால் அவர் சத்தம் பலமாக வந்தது. கிட்டத்துச் சத்தமும் தூரத்துச் சத்தமும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிட்டன.

"இன்னொரு தடவ!" என்றார் நெல்லையப்பன்.

"பெரியவர் எங்க பக்கம்தான் பேசுதாரு!"

நெல்லையப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு துள்ளி எழுந்தார்.

"அம்மா! சண்ட பலகையிலயிருந்து வருதும்மா!"

பாவம், மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் பெண்கள் பக்கம் ஓடினார், அங்கே உட்கார்ந்து இன்னொரு தடவை கத்தச் சொன்னார். தீத்தாரப்பனுக்கும் கோமதிக்கும் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"அம்மா, தெரிஞ்சுதான் இப்படி நிக்கச் சொன்னீயளா?"

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? அடுப்புல பால் கிடக்கு" என்று செண்பகவல்லி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நெல்லையப்பன் இரண்டு பெட்டிகளையும் கயிறு பிடித்து அளந்த பழைய இடத்தில் நிறுத்தினார். இந்தத் தடவை ஆற்றுப் பக்கத்துப் பெட்டியின் முகத்தைப் பெண்கள் பக்கமாக நன்றாகத் திருப்பினார். தெருப் பக்கத்துப் பெட்டியை ஆண்கள் பக்கமாகத் திருப்பினார். தன்னை ஒட்டி இருப்பவர்களை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தைப் பார்த்து இரண்டும் நின்றன. டேப்பை ஓடவிட்டு ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். பெரியவர் பலகையில் இருந்தார். பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். பலகையில்தான் இருந்தார். சுவரோரக் கடைசி இடத்தில் உட்கார்ந்தால் மட்டும் பெரியவர் பெட்டிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்துபோனார். அது பரவாயில்லை, அங்கே தூங்குகிறவர்கள்தான் உட்காருவார்கள்.

சந்தோஷமாக நடுவழிக்கு வந்து, தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நெல்லையப்பா, ஓடுதா?"

குரல் பலகையிலிருந்துதான் வந்தது. ஆனால் மங்கலாக இருந்தது. இரண்டு பெட்டியும் அவருக்கு முன்னாலேயே குறுக்காகப் பேசிவிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்விட்டன. தண்ணீர் இறங்குவது கேட்கவில்லை. பலகை கிறீச்சிடவில்லை.

நெல்லையப்பன் எழுந்துபோய்ப் பெட்டிகளைப் பழையபடி நடுவழியைப் பார்க்கத் திருப்பிவைத்தார். வந்து உட்கார்ந்தார். செருமல் வந்தது, தண்ணீர் வந்தது, எல்லாம் வந்தது. நெஞ்சு நிறைந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகிறபோது மறுபடியும் எதிர்ப்பக்கமாகத் திருப்பிவைத்தார்.

அந்த வாரம் முழுக்க இதே பாடு. காலையில் தனக்காக ஒரு திருப்பு, சாயங்காலம் ஊருக்காக ஒரு திருப்பு. இந்தப் பாழாய்ப்போன மனசு ஒரு முடிவுக்கு வரமாட்டேன் என்றது. ஊருக்குத் திருப்பினால் கூடம் உடையாது. ஆனால் பெரியவர் தன்னை விட்டுத் தள்ளிப் போய்விடுவார். இரண்டு வருஷம் கழித்துக் கிடைத்தவர்.

"இன்னைக்கு எந்தப் பக்கம் பாத்து நிக்குது அண்ணாச்சி?" என்று செண்பகவல்லி போகிற போக்கில் கேட்டார்.

"சும்மா சரிபாக்கேம்மா."

"பாருங்க, பாருங்க."

மாசக் கடைசி ஞாயிறு. தீத்தாரப்பன் பெட்டியை ஏற்றிப்போக வாசலில் ஒரு தட்டுவண்டியையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கோமதி தங்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார். கூடம் நிறைந்திருந்தது. கல்யாண வீட்டில் பெண் அழைத்துப் போகிற நேரம்போல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருந்தார்கள்.

நெல்லையப்பன் வந்தார். பெட்டிகள் நடுவழியைப் பார்த்து நின்றன. நேற்று திருப்பிவைக்க மனசு வரவில்லை. வழியிலேயே நின்று கூடத்தைப் பார்த்தார். ஆற்றுப் பக்கம் பார்த்தார், தெருப் பக்கம் பார்த்தார். இவர்கள் எல்லோரும் ஒருகாலத்தில் பெரியவர் முன்னால் ஒன்றாக உட்கார்ந்தவர்கள்தான். அவர் விறுவிறுவென்று முன்னால் போய், ஆற்றுப் பக்கத்துப் பெட்டியைப் பெண்களைப் பார்க்கத் திருப்பினார். தெருப் பக்கத்துப் பெட்டியை ஆண்களைப் பார்க்கத் திருப்பினார். திரும்பி வந்து டேப்பை அழுத்தினார்.

வாரம் முழுக்கத் தனக்கு மட்டும் போட்டுக் கேட்டதில் டேப் ஆரம்பத்திலேயே நின்றிருந்தது. அந்த வரியைத் தாண்ட மறந்துவிட்டார்.

"நெல்லையப்பா, ஓடுதா?"

கூடம் அப்படியே பலகையைப் பார்த்தது. ஆற்றுப் பக்கமும் பலகையைப் பார்த்தது, தெருப் பக்கமும் பலகையைப் பார்த்தது. ஒருத்தரும் பெட்டியைப் பார்க்கவில்லை. பிறகு எல்லோரும் திரும்பி நெல்லையப்பனைப் பார்த்தார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் கேட்டு இரண்டு வருஷம் ஆயிற்று. அப்போதெல்லாம் இதற்குப் பதில் வந்தபிறகுதான் பெரியவர் மேலே பேசுவார்.

நெல்லையப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு மெஷின்மேல் குனிந்தார்.

"ஓடுது சாமி" என்றார் தீத்தாரப்பன்.

"நல்லா ஓடுது சாமி" என்றார் எதிர்ப்பக்கத்திலிருந்து கோமதி. சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். தீத்தாரப்பன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

பெரியவர் பேசினார். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி வந்ததைப் பற்றித்தான் அன்றைக்குப் பேச்சு. எல்லோரும் பலகையைப் பார்த்துச் சிரித்தார்கள், பலகையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். முடிந்ததும் எங்கிருந்து குரல் வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

தீத்தாரப்பன் வாசலுக்குப் போய்த் தட்டுவண்டிக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

"வண்டிக்காரர வெறும் வயித்தோடவா அனுப்புனீய?" என்று கோமதி சத்தம் போட்டார். "கூப்பிடுங்க, சுண்டல் தின்னுட்டுப் போகட்டும்."

தீத்தாரப்பன் வண்டிக்குப் பின்னால் ஓடி, அவரைக் கூட்டிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

நெல்லையப்பன் நடுவழியில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். டேப்பை மறுபடியும் மெதுவாக ஓடவிட்டு, கண்ணை மூடி, தலையை முன்னால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். செண்பகவல்லி சுண்டல் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நின்றார்.

"பெட்டி சரியா நிக்குது போலிருக்கே அண்ணாச்சி?"

"நிக்குதும்மா. எல்லாருக்கும் வந்துட்டாரு."

"பெறகு என்ன?"

"முந்தி இங்க உக்காந்தா அவரு தண்ணி குடிக்கதுகூடக் கேக்கும். எனக்குப் பக்கத்துல இருந்தாரு. இப்பத் தள்ளிப் போயிட்டாரு." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நான் எங்க போய் அவரக் கேக்க?"

"இது நடக்கிற வழி அண்ணாச்சி. எந்திங்க, சட்டி சுடுது. அந்தா, தீத்தாரப்ப அண்ணாச்சி பக்கத்துல இடம் கிடக்கு பாருங்க."